கிரைண்டர் ஓடும்போது

2024 ஜூலை 6, சனிக்கிழமை, காலை பதினொன்று பத்துக்கு அந்த இருமலை முதன்முதலாகக் கேட்டேன். இவ்வளவு துல்லியமாகச் சொல்ல முடிவதற்கு என் நினைவாற்றல் காரணமில்லை. ஒலிப்பதிவை எந்த இடத்தில், எந்த நேரத்தில் நிறுத்தினோம் என்று குறித்துக்கொள்வது, பதிவைக் கேட்டு எழுதும் வேலையின் ஒழுங்கு. அன்று அந்த இடத்தில் நிறுத்தி, ஹெட்போனைக் கழற்றி, அறையில் வேறு யாராவது இருக்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தேன். யாரும் இல்லை.

நான் இலக்கியம் படிக்கிறவள். பல்கலைக்கழகத்தில் பொதுச் சுகாதாரம் கற்பிக்கும் பேராசிரியை ஒருவரின் ஆய்வுக்குத் தமிழ் எழுதத் தெரிந்த ஆள் தேவைப்பட்டதால் அங்கே போனேன். செகந்திராபாத்தில், மௌலா அலி ரயில் பாதைக்கு அப்பால், நாச்சாரம் தொழிற்சாலைகளை நம்பிப் பிழைக்கும் தமிழ்க் குடும்பங்கள் சில இருக்கின்றன. திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து கட்டட வேலைக்கு வந்து தங்கிவிட்டவர்கள். நடந்து போகும் தூரத்தில் அரசு சுகாதார நிலையம் இருந்தும் அவர்கள் ஏன் அங்கே போவதில்லை என்பதுதான் ஆய்வின் கேள்வி. காரணம் தெரிந்தால் அதை அதிகாரிகள் முன்னால் வைத்து ஏதாவது மாற்ற முடியும் என்று பேராசிரியை நம்பினார்.

வீடு வீடாகப் போய்ப் பேசிப் பதிவு செய்துவந்தவர் ஓர் அக்கா. செகந்திராபாத்திலேயே பிறந்து வளர்ந்த தமிழர். "எனக்கு வாய் மட்டும்தான் தமிழ் கண்ணு. கை இங்கிலீஷ் மீடியம்" என்பார். எனக்கு நேர்மாறு. லாலாகுடா ரயில்வே குடியிருப்பில் வளர்ந்தாலும் அம்மா எனக்குத் தமிழ் எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுத்திருந்தார்; நான் பேசுவதுதான் குறைவு. எங்கள் இருவரையும் சேர்த்துத் தைத்தால் ஒரு முழு ஆள் கிடைக்கும் என்று அக்கா கேலி செய்வார்.

விதிகள் தெளிவாக இருந்தன. ஒரு வீட்டுக்கு ஒரு பெண், வீட்டை நடத்துகிற மூத்த பெண், அவரிடம் மட்டுமே பேச வேண்டும். பெயர் கிடையாது, எண் மட்டும். அவர் சொன்னதைச் சொன்னபடி எழுத வேண்டும். நாய் குரைப்பது, குழந்தை அழுவது, வண்டி போவது போன்ற பின்னணிச் சத்தங்களை விட்டுவிட வேண்டும்.

அன்று நான் கேட்டது, தொழிற்சாலை வாசலில் இட்லி விற்கும் ஒரு பெண்ணின் பதிவு. பின்னால் கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது. "வூட்ல யாருக்கும் ஒரு நோவும் இல்லீங்க. எல்லாம் நல்லா கீறாங்க" என்று அவர் சொன்ன இடத்தில், கிரைண்டரின் இரைச்சலுக்கு அடியில் யாரோ இருமினார்கள். ஒலியைக் கூட்டி, வேகத்தைக் குறைத்து மறுபடி ஓட்டினேன். கிரைண்டர் நின்றது, இருமலும் நின்றது. கொஞ்ச நேரம் பேச்சு மட்டும். பிறகு ஒரு கூட்ஸ் வண்டி கடந்தது. அதன் இரைச்சல் உச்சத்துக்குப் போகும்வரை பொறுத்திருந்து, அதற்குள் மீண்டும் இருமல். வண்டி போய் முடிந்தபோது எல்லாம் அமைதியாக இருந்தது.

பதிவு முழுவதையும் அன்றே இன்னொருமுறை கேட்டேன். சத்தம் இல்லாத இடத்தில் ஓர் இருமல்கூட இல்லை. அந்த வீட்டில் ஒருத்தி, தன் மூச்சைப் பிடித்துக்கொண்டு, ஏதாவது ஒரு சத்தம் வந்து தன்னை மூடட்டும் என்று காத்திருந்தாள்.

"பின்னணியில் வேறொருவர் இருமுகிறார்" என்று அடைப்புக்குறிக்குள் எழுதி அனுப்பினேன். அலுவலகத்தில் சரிபார்த்துத் திருப்பி அனுப்பிய பிரதியில் அந்த வரிகள் எல்லாம் நீக்கப்பட்டிருந்தன. அதில் யாருடைய தவறும் இல்லை, விதி அப்படி. ஆனால் நீக்கப்பட்ட பிறகு படித்தபோது, அந்தப் பக்கங்கள் ஒரு நல்ல வீட்டைப் பற்றிய நல்ல செய்தியாக இருந்தன.

அக்காவிடம் கேட்டேன்.

"அந்த இட்லி வண்டி வீட்ல வேற யாரு இருந்தாங்க அக்கா?"

"ஹவ், அந்த வீடா. அந்தம்மாவோட ஓரகத்தி ஒருத்தி மாவு ஆட்டிட்டிருந்தா. மூஞ்சியே காட்டல. கைக்கு, எதுக்கு கேக்கறே?"

"அவங்க இருமறாங்க."

"போடி. ஒரு மணி நேரம் அங்கதான ஒக்காந்திருந்தேன். ஒரு இருமல் இல்ல, தும்மல் இல்ல."

ஹெட்போனை அவர் காதில் மாட்டினேன். பேச்சுக்கு நடுவே நிறுத்திச் சிரிக்கிற வழக்கமுள்ளவர், அந்தக் கூட்ஸ் வண்டி முழுக்கக் கடந்து போகும்வரை அசையவில்லை.

"என் முதுகுக்குப் பின்னாலயே இருந்திருக்கா" என்றார். பிறகு, "நான் திரும்பிக்கூடப் பாக்கல. அவ சாம்பிள்ல இல்லம்மா."

அந்தப் பதிவு கோடையின் தொடக்கத்தில் எடுக்கப்பட்டது. நான் கேட்டபோது மழைக்காலம் வந்திருந்தது. இந்த இடைவெளிதான் என்னைப் பிடித்துக்கொண்டது. நான் கேட்டுக்கொண்டிருப்பது உயிரோடிருக்கும் ஒருத்தியின் இருமல்தானா என்பதே எனக்குத் தெரியாது. வீட்டில் அம்மா மிக்ஸியை ஓட்டினால் நான் செய்வதை நிறுத்திவிட்டு அதற்குள் கேட்கத் தொடங்கினேன். ஒர்க்‌ஷாப் சங்கு ஊதினால் அதற்கு அடியில் கேட்டேன். பஸ்ஸில் எஞ்சின் உறுமும்போதெல்லாம் பின் இருக்கைகளைத் திரும்பிப் பார்த்தேன். ஒருநாள் அம்மா மிக்ஸியை நிறுத்திவிட்டு, "ஏன் அப்படி நிக்கற? யாரு கூப்பிட்டா?" என்றார். யாரும் கூப்பிடவில்லை என்றேன். அது உண்மைதான். கூப்பிடாமலிருக்க ஒருத்தி எடுத்துக்கொண்ட பாடுதான் என் காதில் இருந்தது.

பேராசிரியை தெலுங்குக்காரர், எங்களிடம் ஆங்கிலத்தில் பேசுவார். அவரும் கேட்டார். சொற்கள் அவருக்குப் புரியாது. அதனால்தானோ என்னவோ இருமலை உடனே பிடித்துவிட்டார். கண்களை மூடி இரண்டுமுறை கேட்டபின், இது டிபியாக இருக்க வாய்ப்பு அதிகம் என்றும், பரிசோதிக்காமல் எதுவும் சொல்ல முடியாது என்றும் சொன்னார். மாத்திரை இலவசம், ஒழுங்காகச் சாப்பிட்டால் குணமாகும், தள்ளிப்போட்டால் அவளுக்கு ஆபத்து, காற்றில்லாத ஒரே அறையில் கூட இருப்பவர்களுக்கும் ஆபத்து. "அவர்கள் விற்கிற இட்லியால் பரவாது. ஆனால் இட்லி வாங்குகிறவரிடம் இதை யார் விளக்குவது?" என்றும் கேட்டார்.

அந்த வாரமே சுகாதார அதிகாரி ஒருவரைப் பார்க்கப் போனபோது என்னையும் அழைத்துப் போனார். சளிப் பரிசோதனைக் கவுண்டரை மாலையிலும் திறக்க வேண்டும் என்பது அவருடைய கோரிக்கை; காலையில் அந்தப் பெண்களால் வர முடியாது என்பது அவருடைய ஊகம். அதிகாரி மரியாதையானவர். எங்களுக்கு டீ சொன்னார். நாங்கள் கொடுத்த தமிழ்ப் பக்கங்களையும் ஆங்கிலச் சுருக்கத்தையும் புரட்டி, பேராசிரியையின் பக்கமே திருப்பி வைத்தார்.

"மேடம், உங்கள் ஆய்வுதானே இது? யாருக்கும் ஒன்றும் இல்லை என்று வீட்டுக்கு வீடு சொல்லியிருக்கிறார்கள். எங்கள் பதிவேட்டிலும் அந்தப் பக்கத்திலிருந்து ஆள் இல்லை. நோயாளி இல்லாத இடத்துக்கு எதற்கு மாலைக் கவுண்டர்?" ஒரே ஓர் ஆளையாவது கொண்டுவாருங்கள், மேலே எழுதிப் பார்க்கிறேன் என்றார்.

கவுண்டர் இல்லாததால் யாரும் வருவதில்லை. யாரும் வராததால் கவுண்டர் இல்லை. அதற்குச் சான்றாக மேசைமேல் கிடந்தது நான் எழுதிய சுத்தமான தமிழ். வெளியே வந்து ஆட்டோவுக்கு நின்றபோது பேராசிரியை, அவளை நாம் போய்ப் பார்க்க வேண்டும், ஆனால் அந்த அதிகாரிக்கு ஓர் ஆள் வேண்டும் என்பதற்காக அல்ல, இரண்டையும் குழப்பிக்கொள்ளாதே என்றார். நான் ஏற்கெனவே குழப்பிக்கொண்டிருந்தேன்.

பதிவுகளை எழுதுகிறவர்கள் அதில் பேசியவர்களைச் சந்திக்கக் கூடாது என்பது இன்னொரு விதி. பேராசிரியை ஆய்வு நெறிக் குழுவிடம் பேசி ஒரு மறுசந்திப்புக்கு அனுமதி வாங்கினார். நான் வந்தே ஆக வேண்டும் என்று சொன்னவர் அக்கா. "கேட்டவ இவ. நான் போனா மறுபடியும் எனக்குக் கேக்காது."

மழை விட்ட ஒரு பிற்பகலில் போனோம். எந்தச் சந்து என்று எழுதப் போவதில்லை. ஒரே அறை, ஆஸ்பெஸ்டாஸ் கூரை, ஜன்னல் இருக்க வேண்டிய இடத்தில் தகரம். கதவுக்கு நேரே மூத்தவர் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் கிரைண்டர் ஓடியது. கிரைண்டருக்குப் பின்னால் அவள் இருந்தாள். உயிரோடு இருந்தாள். என் வயதுதான் இருக்கும். யாரும் உட்காரச் சொல்வதற்கு முன்பே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

"மறுபடியும் இன்னா? அதான் எல்லாம் சொல்லிட்டனே" என்றார் மூத்தவர்.

"நீங்க சொன்னது நல்லா இருந்துச்சுக்கா. அதான் இன்னொரு வாட்டி கேக்கலாம்னு" என்றார் அக்கா.

"கேட்டுட்டு இன்னா குடுப்பீங்க? போன வாட்டி ஒரு பிஸ்கட் பாக்கெட்டு. அதுவும் நமுத்துப் போனது."

"இந்த வாட்டி அது கூட இல்ல."

மூத்தவர் சிரித்துவிட்டார். "இது யாரு, வாயே தொறக்கல?"

"எழுதறவ. நீங்க பேசினத எல்லாம் இவதான் எழுதினா."

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும்" என்றேன்.

பின்னால் இருந்தவள் அப்போது குனிந்தாள். முந்தானையை வாயில் பொத்தி, நெற்றியைச் சுவரில் சாய்த்துக்கொண்டாள். தோள்கள் குலுங்கின. அத்தனை நாள் என் காதிலிருந்த இருமல் என் கண்ணெதிரே நடந்தது. சத்தம் மட்டும் வரவில்லை. கிரைண்டர் அதை முழுதாக விழுங்கிக்கொண்டிருந்தது. அக்கா ஏன் கேட்கவில்லை என்பது அங்கே உட்கார்ந்த பிறகுதான் எனக்கு விளங்கியது.

அடுத்து நடந்ததற்கு யாரும் திட்டமிடவில்லை. கரண்ட் போனது. கல் சுழன்று மெதுவாகி நின்றது. விளக்கும் அணைந்து, கதவு வழியாக வந்த வெளிச்சம் மட்டும் இருந்தது. அவள் நிமிர்ந்து நேராக என்னைப் பார்த்தாள். உதடுகளை இறுக்கி மூடியிருந்தாள். கழுத்து நரம்பு புடைத்தது. கண்ணில் நீர் கோத்தது. நான் ரயில் பாதைப் பக்கம் காதை வைத்தேன். வண்டி எதுவும் வரவில்லை. அவளும் அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தாள் என்று நினைக்கிறேன்.

மூத்தவர் திடீரென்று உரக்கப் பேச ஆரம்பித்தார். "இந்தக் கரண்டு இருக்குதே, மாவு பாதியில நிக்கற நேரம் பாத்துத்தான் போவும். வூட்டு ஓனரு கிட்ட சொன்னா, அவன் நம்மளயே திட்டறான்…" அந்தக் குரலை எனக்குத் தெரியும். பதிவில் பல இடங்களில் அவர் இப்படிக் குரலை உயர்த்துவார். கோபக்காரர் என்று எண்ணிக்கொண்டிருந்தேன். இரைச்சல் போதாத நேரங்களில் தன் குரலைக் கொண்டுவந்து போர்த்தியிருக்கிறார்.

"நீங்க நிறுத்துங்கம்மா. அவங்க இருமட்டும்" என்றேன் மூத்தவரிடம்.

மூத்தவர் நிறுத்தினார். அவள் இருமினாள். அது முடிய நேரமாயிற்று. முடிந்ததும் முந்தானையின் நுனியைப் பார்க்காமலே உள்பக்கமாக மடித்துக்கொண்டாள்.

"மெஷின்ல கேட்டுச்சா?" அவள் பேசி நான் கேட்ட முதல் சொற்கள் அவை.

"கேட்டுச்சு."

"கிரைண்டரு ஓடும்போது கூடவா?"

"அப்பதான் கேட்டுச்சு."

அவள் மூத்தவரைப் பார்த்தாள். "நல்லா மறைச்சிகினு இருக்கேன்னு நெனச்சேன்" என்றாள், கண்ணாமூச்சியில் பிடிபட்டவளைப் போல.

மூத்தவர் வெங்காயத்தைக் கீழே வைத்தார். "நான் ஒண்ணும் கொடுமைக்காரி இல்ல. மெடிக்கல்ல சிரப்பு வாங்கிக் குடுத்துகினுதான் இருக்கேன். ஆனா ஆஸ்பத்திரிக்காரங்க ஒரு வாட்டி இந்த வாசல்ல வந்து நின்னு பேரு எழுதிகினு போனாங்கன்னு வெச்சிக்க, அடுத்த நாளு கம்பெனி கேட்டாண்ட ஒரு இட்லி போவாது. அப்புறம் இவ எத்தத் தின்னுட்டு மாத்திரை முழுங்குவா?"

"வாசலுக்கு வர வேணாம். இவளே போய்ச் சளி குடுக்கலாம்" என்றார் அக்கா.

"எப்ப போவா? ஒம்போதுலேர்ந்து பதினொண்ணு வரிக்கும்தான் அங்க வாங்குவாங்கோ. எனக்கு யாவாரமே பத்தரை வரிக்கும்தான். நான் இட்லி எடுத்து வெச்சா இவ சட்னி ஊத்தணும், தட்டு கழுவணும். ஆம்பளைங்க ரெண்டு பேரும் விடிஞ்சா சைட்டுக்குப் போயிடறாங்கோ."

"சொந்தத்துல யாரையாச்சும் கூப்புடுங்க."

"கூப்டா, வர்றவ இவ எங்கன்னு மொதல்ல கேப்பா. நக்கோம்மா, வேணாம் அந்த வம்பு."

எங்கள் ஆய்வு தேடிக்கொண்டிருந்த பதில் அவ்வளவுதான். அதைத் தெரிந்துகொண்டதால் அந்த அறையில் எதுவும் மாறவில்லை. அவள் மறுபடியும் சுவரில் சாய்ந்திருந்தாள்.

அக்கா என்னைப் பார்த்தார். "இவள நான் ஸ்கூட்டில கூட்டிட்டுப் போறேன். இட்லி வண்டியில இந்தப் பொண்ணு நிக்கட்டும்."

"இதுவா? இது வாயே தொறக்காதே" என்றார் மூத்தவர்.

"சட்னி ஊத்த வாய் எதுக்கு?" என்றாள் அவள்.

மூத்தவர் அவளை முறைத்தார். பிறகு இருவருமே சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு அவளை மறுபடி இருமலில் கொண்டுபோய் விட்டது. இந்த முறை மூத்தவர் குரலை உயர்த்தவில்லை. எழுந்து போய் முதுகைத் தடவிக்கொடுத்தார்.

"அங்க பேரு எழுதுவாங்களா?" என்று அவள் கேட்டாள்.

"எழுதுவாங்க."

"வூட்டு அட்ரஸு?"

அக்கா அவள் பக்கமாக நகர்ந்து உட்கார்ந்தார். "பொய் சொல்லல. அதையும் எழுதுவாங்க. ஆனா வாசல்ல வந்து நிக்காம பாத்துக்கறது எங்க மேடம் பொறுப்பு. அதுக்கு அவங்ககிட்ட சண்ட போடறது என் பொறுப்பு."

பேராசிரியை அதை அதிகாரியிடமிருந்து எழுத்தில் வாங்கியது பிறகு; அதற்குப் பலமுறை அலைய வேண்டியிருந்தது. மாலைக் கவுண்டர் அதைவிட வெகுநாள் கழித்துத்தான் வந்தது. அன்று எங்களிடம் இருந்தது அக்காவின் வாய்ச்சொல் மட்டும். அவள் வெகுநேரம் அக்காவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கரண்ட் வந்து கிரைண்டர் தானாகவே ஓடத் தொடங்கியது. அவள் கை நீட்டி அதை அணைத்தாள்.

"நாளைக்கே போலாம்" என்றாள். "யோசிச்சா போவ மாட்டேன்."

வீட்டுக்கு வந்து, நாளை காலை நாச்சாரத்தில் இட்லி வண்டியில் நிற்கப் போகிறேன் என்று அம்மாவிடம் சொன்னேன். ஆய்வுக்கா என்று கேட்டார். ஆமாம் என்றேன். வேறு சொல் தெரியவில்லை.

மறுநாள் காலை முதல் பஸ்ஸைப் பிடித்துத் தொழிற்சாலை வாசலுக்குப் போனேன். மூத்தவர் அடுப்பைப் பற்றவைத்திருந்தார். எட்டரைக்கு அக்கா ஸ்கூட்டியை ரோட்டோரம் நிறுத்தினார். அவள் கரண்டியை என் கையில் கொடுத்து, விளிம்பைத் தாண்டி ஊற்றக் கூடாது என்று காட்டினாள். விடிகாலையில் எடுத்த சளி, அக்கா கொடுத்துவிட்டுப் போயிருந்த மூடிபோட்ட டப்பாவில், அவள் கைப்பையில் இருந்தது. ஸ்கூட்டியில் உட்கார்ந்ததும் ஒரு துப்பட்டாவால் கண்ணை மட்டும் விட்டு முகம் முழுக்கச் சுற்றிக்கொண்டாள். இந்த ஊரில் தூசுக்கும் வெயிலுக்கும் பயந்து ஸ்கூட்டியில் போகிற பெண்கள் எல்லோரும் அப்படித்தான் சுற்றிக்கொள்கிறார்கள். கொஞ்ச தூரம் போனதும் அவர்களில் அவள் யார் என்று எனக்கே தெரியவில்லை.

ஷிப்ட் முடிந்தவர்கள் வரத் தொடங்கினார்கள். நீலச் சட்டைக்காரர் ஒருவர், சின்னக்கா எங்கே என்று தெலுங்கில் கேட்டார். ஊரில் கல்யாணம், போயிருக்கிறாள் என்றார் மூத்தவர், தட்டிலிருந்து கண்ணை எடுக்காமல். என்னைக் காட்டி, இது யார் என்று அந்தச் சட்டைக்காரர் கேட்டார். "என் தங்கச்சி மவ" என்று தமிழில் சொல்லிவிட்டு, அதையே தெலுங்கிலும் சொன்னார். சட்டைக்காரர் தலையாட்டிவிட்டுத் தட்டை நீட்டினார். நான் ஊற்றிய சட்னி விளிம்பைத் தாண்டியது. அவர் அதை விரலால் வழித்துக்கொண்டார்.

பத்து மணிவாக்கில் என் போன் அடித்தது. மூத்தவர் இட்லிப் பானையின் மூடியில் கை வைத்தபடி அப்படியே நின்றார். ஈரக்கையோடு எடுத்துக் காதில் வைத்தேன்.

"குடுத்தாச்சு" என்றார் அக்கா. "டப்பாவ வாங்கிட்டாங்க. எக்ஸ்ரேக்கு உள்ள போயிருக்கா. நான் வெளிய நிக்கறேன்."

மூத்தவரைப் பார்த்துத் தலையசைத்தேன். அவர் மூடியைத் திறந்தார். ஆவி எழுந்து இருவர் முகத்திலும் அடித்தது. இரண்டு இட்லி எடுத்துத் தட்டில் வைத்து என் பக்கம் தள்ளினார்.

"சட்னி" என்றார்.

ஊற்றினேன்.